கல்லீரலுக்குச் சீன மூலிகை: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

ரத்தப் பரிசோதனைத் தாளில், கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் நொதியான எஸ்ஜிபிடி என்ற வரிக்கு நேரே 40க்குள் இருக்க வேண்டிய எண் 110 என்று வந்துவிட்டால், வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொல்லத் தொடங்குவார்கள். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி வரிசையில் இப்போது சீன மருந்துகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழருக்கு அவை பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர் இணையத்தில் வரவழைத்துக்கொள்கிறார். 'கல்லீரலைக் காக்கும்' என்ற வாசகம் எல்லாப் புட்டிகளிலும் ஒன்றுதான். அதற்குப் பின்னால் நிற்கும் சான்று மட்டும் புட்டிக்குப் புட்டி மலைக்கும் மடுவுக்குமாக மாறுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைரஸ் மருந்தோடு சேர்த்து, கல்லீரல் தழும்பைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்படும் ஓரிரு கூட்டு மருந்துகளுக்கு மட்டுமே கனமான சான்று இருக்கிறது. எஸ்ஜிபிடியை இறக்கிக் காட்டும் மருந்துகள் பல உண்டு; அவற்றில் கல்லீரலை உண்மையில் காத்தவை எவை என்பது தனிக் கணக்கு. பெயர் தெரியாத வேர்களைப் பொட்டலமாகக் கட்டிவந்து காய்ச்சிக் குடிப்பதை நான் கடைசி இடத்தில்கூட வைக்க மாட்டேன்.

எலிக்குக் கிடைத்த பாதுகாப்பு

சீன மூலிகைகள் கல்லீரலைக் காக்கின்றன என்று சொல்லும் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை எலிகளிடம் நடந்தவை. செய்முறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். எலிகளுக்குச் சில நாள் மூலிகைச் சாறு புகட்டுவார்கள். பிறகு கார்பன் டெட்ராகுளோரைடை எண்ணெயில் கலந்து வயிற்றுக்குள் ஊசியாகப் போடுவார்கள். மறுநாள் ரத்தம் எடுத்தால், வெறும் தண்ணீர் குடித்த எலியின் எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். சாறு குடித்த எலிக்கு அவ்வளவு ஏறியிருக்காது. கல்லீரலை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், நடுச் சிரையைச் சுற்றிச் செத்துக்கிடக்கும் உயிரணுக்களின் வட்டமும் சிறிதாகியிருக்கும். படம் அழகாக இருக்கும், கட்டுரை அச்சேறும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கார்பன் டெட்ராகுளோரைடு உள்ளே போன மாத்திரத்தில் கல்லீரலைக் கெடுப்பதில்லை. கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் நொதிகள் அதை உடைத்த பிறகே அது நஞ்சாகிறது. பாராசிட்டமாலும் அளவு மீறினால் அப்படித்தான்: அதே வகை நொதிகள் அதன் ஒரு பகுதியை நாப்கி என்ற நச்சுப் பொருளாக மாற்றுகின்றன, கல்லீரலின் கையிருப்பான குளுடாதயோன் தீர்ந்ததும் உயிரணுக்கள் சாகின்றன. ஆகவே அந்த நொதியைத் தற்காலிகமாக மந்தப்படுத்தும் எந்தப் பொருளும் எலியின் கல்லீரலைக் 'காத்துவிடும்'. அந்தப் பொருள் நஞ்சுக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனிதன் அப்படி வருவதில்லை. மாத்திரையை விழுங்கிய பிறகு, வைரஸ் பத்தாண்டு குடியிருந்த பிறகு, கொழுப்பு படிந்த பிறகுதான் வருகிறான். பாராசிட்டமால் நஞ்சுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன், விழுங்கி 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகவே காப்பாற்றுகிறது. பின்னால் வந்து காப்பாற்றும் மருந்து என்றால் அளவுகோல் அதுதான். அந்த அளவுகோலை எந்த மூலிகையும் இதுவரை எட்டவில்லை.

இதனால் எலி ஆய்வுகளெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. தான் ஷென் என்ற சீன மூலிகை வேரில் உள்ள சால்வியனாலிக் அமிலம், தழும்பை உண்டாக்கும் விண்மீன் உயிரணுக்களை அடக்குகிறது. அதிமதுரத்தின் கிளிசிரைசின், செத்த உயிரணுவிலிருந்து கசிந்து அழற்சியைப் பரப்பும் எச்எம்ஜிபி1 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. இவை உண்மையான வேதியியல். ஆனால் வேதியியலுக்கும் நோயாளிக்கும் நடுவில் நெடுந்தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தைக் கடந்தவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

எண்ணை இறக்கும் சிவப்புப் பழம்

வடகிழக்குச் சீனத்துக் காடுகளில் கொடியில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் சிறு சிவப்புப் பழம் வூ வெய் ஸி. ஷிசாண்ட்ரா என்பது அதன் தாவரப் பெயர். 1970களில் சீன மருத்துவர்கள் ஹெபடைட்டிஸ் நோயாளிகளுக்கு இதைத் தூளாகவும் உருண்டையாகவும் கொடுத்தபோது எஸ்ஜிபிடி மளமளவென்று இறங்குவதைக் கண்டார்கள். பெய்ஜிங்கில் உள்ள மருந்தாய்வுக் கழகம் காரணத்தைத் தேடி, விதையில் உள்ள லிக்னான் என்னும் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தது. அவற்றில் ஒன்றைச் செயற்கையாகத் தயாரிக்கும் முயற்சியில் பைஃபென்டேட் என்ற மாத்திரையும், பிற்பாடு அதை மேம்படுத்தியதில் பைசைக்ளால் என்ற மாத்திரையும் பிறந்தன. இரண்டும் இன்றும் சீனத்தில் சர்வ சாதாரணமாக எழுதிக்கொடுக்கப்படுகின்றன.

பைஃபென்டேட் எஸ்ஜிபிடியை வேகமாக இறக்கும். நிறுத்தினால் பலருக்கு மீண்டும் ஏறும். பக்கத்து வரியில் இருக்கும் எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதி அந்த அளவுக்கு இறங்குவதில்லை. வைரஸ் அப்படியே இருக்கும். ஆகவே பரிசோதனைத் தாள் தேறிவிட்டது, கல்லீரல் தேறியதா என்ற கேள்வி அந்த மாத்திரையைத் தொடக்கத்திலிருந்தே துரத்திவருகிறது. பைசைக்ளால் இதைவிடத் தேவலை. அழற்சியையும் ஓரளவு குறைக்கிறது என்று சீன ஆய்வுகள் காட்டுகின்றன. மற்ற மருந்துகளால் கல்லீரல் கெட்டவர்களுக்கு, குற்றவாளி மருந்தை நிறுத்திய பிறகு, இதைத் துணைக்குக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கலாம். மருத்துவர் எழுதிக்கொடுக்க வேண்டிய மருந்து இது. மூலிகை என்ற பெயரில் தானாக வாங்கி விழுங்குவதற்கு உரியதன்று.

பழத்தையே வாங்கி வெந்நீரில் போட்டுக் குடிப்பவர்களுக்கு ஒரு செய்தி: லிக்னான்கள் விதைக்குள் இருப்பவை, தண்ணீரில் எளிதில் கரையாதவை. முழுப் பழத்தை ஊறவைத்துக் குடித்தால் புளிப்பு வரும், மருந்து அதிகம் வராது. அதனால் பெரிய கெடுதலும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். சாரத்தைச் செறிவாக்கிய மாத்திரையின் கதை வேறு. தெற்கத்திய ஷிசாண்ட்ராவின் சாரமான வூஸி மாத்திரையைச் சீனத்தில் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு வேண்டுமென்றே கொடுக்கிறார்கள். மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற விலை உயர்ந்த மருந்தை உடல் சீக்கிரம் கழித்துவிடாமல் அது தடுப்பதால், குறைந்த அளவு டாக்ரோலிமஸே போதும், செலவு மிச்சம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் ரத்தத்தில் அளவு பார்த்துச் செய்ய வேண்டிய ஏற்பாடு. மாற்றுக் கல்லீரலோ மாற்றுச் சிறுநீரகமோ பெற்ற ஒருவர் மருத்துவரிடம் சொல்லாமல் ஷிசாண்ட்ரா மாத்திரையைத் தொடங்கினால், அதே வேலை அவருக்கு டாக்ரோலிமஸ் நஞ்சாக முடியும். எலியைக் காத்த அதே நொதித் தடை, இன்னொரு மாத்திரையின் மேல் விழுந்தால் ஆபத்து.

அதிமதுரமும் பொட்டாசியமும்

சீன மருத்துவத்தில் கான் சாவ் என்று பெரும்பாலான கஷாயங்களில் சேர்வது நம் அதிமதுரத்தின் இனம்தான். ஜப்பானில் அதன் கிளிசிரைசினைச் சிஸ்டீன், கிளைசீன் என்ற அமினோ அமிலங்களோடு சேர்த்து ஊசி மருந்தாக்கி, 1970களின் பிற்பகுதியிலிருந்து நீடித்த ஹெபடைட்டிஸ் நோயாளிகளுக்குப் போட்டுவந்தார்கள். டோக்கியோவின் தொரானோமோன் மருத்துவமனை 1997இல் வெளியிட்ட கணக்கு பலராலும் மேற்கோள் காட்டப்படுவது: ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளில் இந்த ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொண்ட 84 பேரில் 15ஆம் ஆண்டு முடிவில் கல்லீரல் புற்றுநோய் விகிதம் 12 சதவீதம், போட்டுக்கொள்ளாத 109 பேரில் 25 சதவீதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்த ஆய்வு அல்ல இது. பழைய கோப்புகளைப் புரட்டிப் போட்ட கணக்கு. வாரத்துக்குப் பலமுறை, ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு வந்து சிரையில் ஊசி போட்டுக்கொள்ளும் பொறுமை உள்ளவர் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்பவராக இருப்பார். அதோடு, இந்த ஊசி வைரஸைக் குறைப்பதில்லை. இன்று ஹெபடைட்டிஸ் சி வந்தவருக்கு 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் வைரஸே ஒழிந்துவிடுகிறது. எனவே ஹெபடைட்டிஸ் சி விஷயத்தில் இந்த ஒப்பீடு முடிந்துபோன ஒன்று. சோஃபோஸ்புவிர் வகை மாத்திரை கிடைக்கும் ஊரில் அதிமதுர ஊசியைத் தேடிப் போவதற்குக் காரணமே இல்லை.

அதிமதுரம் இனிப்பு, ஆகவே தீங்கற்றது என்ற நினைப்பு நம் ஊரிலும் உண்டு. கிளிசிரைசின் அதிகமானால் உடலில் உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஆலோசனைக் குழு சொன்ன வரம்பு. நல்ல உடம்புக்காரர் இதைத் தாங்கிக்கொள்ளலாம். சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கம் முற்றி வயிற்றில் நீர் கோத்தவரின் நிலை அப்படியல்ல. அவர் ஏற்கெனவே நீர் வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர். பொட்டாசியம் இறங்கினால் சிறுநீரகம் அம்மோனியாவை அதிகமாக உண்டாக்கும். அந்த அம்மோனியா மூளைக்கு ஏறினால் மனம் குழம்பும், தூக்கம் பகலுக்கு மாறும், நினைவு தப்பும். கல்லீரலைக் காக்க எடுத்த பொருள் கல்லீரல் நோயாளியை மயக்கத்தில் தள்ளும் வழி இதுதான். வயிற்றில் நீர் இருப்பவர் அதிமதுரம் சேர்ந்த எந்தச் சீனக் கஷாயத்தையும் தொடவே வேண்டாம்.

ஜப்பான் கற்ற பாடம்

கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த சாங் சோங்சிங் எழுதிவைத்த கூட்டு மருந்துகளில் ஒன்று சியாவ் சாய் ஹூ தாங். சாய் ஹூ வேர், ஹுவாங் சின் வேர், பான் சியா கிழங்கு, ஜின்செங், இலந்தை, அதிமதுரம், இஞ்சி என ஏழு சரக்கு. ஜப்பானில் ஷோ-சைகோ-தோ என்ற பெயரில் குருணையாகத் தயாராகி, காப்பீட்டில் கிடைத்து, லட்சக்கணக்கான ஹெபடைட்டிஸ் நோயாளிகளின் கைக்குப் போனது. 1995இல் ஒசாகாவில் சிரோசிஸ் நோயாளிகள் 260 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து 5 ஆண்டு கவனித்த ஆய்வு வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களிடம் புற்றுநோய் குறைவாகத் தெரிந்தது. ஹெபடைட்டிஸ் பி இல்லாதவர்களிடம் அந்த வித்தியாசம் தெளிவாகவே இருந்தது. பண்டைய மருந்து ஒன்று நவீன ஆய்வில் தேறிவிட்டது என்று மகிழ்ச்சி.

1996 மார்ச்சில் ஜப்பானின் சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விடுத்தது. இந்த மருந்து எடுத்தவர்களில் 88 பேருக்கு நுரையீரல் திசு அழற்சி, அவர்களில் 10 பேர் மரணம். வறட்டு இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல் என்று தொடங்கி நுரையீரலே விறைத்துப்போகும் நோய் அது. இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசியோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று 1994இலேயே தடை இருந்தது. பிறகு சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்று ஆனது. அதாவது எந்த நோயாளிகளிடம் ஆய்வு நடந்ததோ, அதே நோயாளிகளுக்கு இன்று அது விலக்கப்பட்ட மருந்து.

இந்த மருந்தை வைத்துச் சீன மருத்துவமே மோசடி என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜப்பானில் இந்த மருந்து சீரான தரத்தில் தயாரானது, மருத்துவர்களே எழுதினார்கள், பக்கவிளைவுகள் பதிவாயின. அதனால்தான் 88 என்ற எண் நமக்குத் தெரியவந்தது. கடைப் பொட்டலத்துக்கு இப்படி ஒரு எண் ஒருநாளும் கிடைக்காது.

ஆமையோடு சேர்ந்த மாத்திரை

இனி நான் கொஞ்சம் மதிக்கும் வழி. கல்லீரல் பல ஆண்டு அடிபட்டால் அதில் தழும்பு விழுகிறது. தழும்பு முற்றினால் சிரோசிஸ். ஹெபடைட்டிஸ் பி வைரஸை எண்டெகாவிர், டெனோஃபோவிர் என்ற மாத்திரைகள் அடக்கிவிடுகின்றன. வைரஸ் அடங்கியதும் பலருக்குத் தழும்பும் மெல்லக் கரைகிறது, சிலருக்குக் கரைவதில்லை. அந்தச் சிலருக்குத்தான் சீனத்தில் இரண்டு கூட்டு மருந்துகள் புழக்கத்தில் உள்ளன.

ஒன்று, ஷாங்காயில் உருவாகி 2002இல் அனுமதி பெற்ற ஃபூசெங் ஹுவாயூ. தான் ஷென், கார்டிசெப்ஸ் பூஞ்சையின் வளர்ப்பு இழைகள், பீச் பழப் பருப்பு, ஷிசாண்ட்ரா, ஜியாவ்கூலான் இலை, பைன் மகரந்தம் ஆகியவை சேர்ந்தது. அமெரிக்காவிலும் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளிடம் இரண்டாம் கட்டம் வரை சோதிக்கப்பட்டது. தான் ஷென் சேர்ந்திருப்பதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஆகாது. ரத்தம் அளவு மீறி நீர்த்துப்போகும்.

இன்னொன்று பியேஜியா ருவான்கான். பெய்ஜிங்கின் 302ஆம் ராணுவ மருத்துவமனையில் பிறந்தது. மூலச் சரக்கு மென்னோட்டு ஆமையின் ஓடு. ஆமையோட்டு மருந்தைச் சாங் சோங்சிங்கே எழுதிவைத்திருக்கிறார். அதோடு சான் சீ வேர், ஹுவாங் சீ வேர், கார்டிசெப்ஸ் என்று மொத்தம் பதினொரு சரக்கு. அவற்றில் ஒன்று பதப்படுத்திய மனித நஞ்சுக்கொடித் திசு. சைவ உணவுக்காரரும், மதக் கட்டுப்பாடு உள்ளவரும் இந்த வரியை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். மூலிகை மருந்து என்றால் தாவரம் மட்டும்தான் என்று நம்மில் பலர் கருதுகிறோம். சீன மருந்துக் கடையில் அந்த எல்லை கிடையாது.

இந்த மருந்தின் பலம், அதைச் சோதித்த முறை. தழும்பு கணிசமாக விழுந்திருந்த ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் சுமார் 1000 பேர். எல்லாருக்கும் எண்டெகாவிர். ஒரு பாதிக்கு அதோடு பியேஜியா ருவான்கான், மறு பாதிக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை; யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தொடக்கத்தில் ஒருமுறை, 72 வாரம் கழித்து ஒருமுறை என்று கல்லீரலில் ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பார்த்தார்கள். எஸ்ஜிபிடியை மட்டும் பார்த்துத் திருப்திப்படவில்லை. கூட்டு மருந்து எடுத்தவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்குத் தழும்பு குறைந்திருந்தது. எண்டெகாவிர் மட்டும் எடுத்தவர்களில் சுமார் 32 சதவீதத்தினருக்கு. அவர்களையே தொடர்ந்து 7 ஆண்டு கவனித்ததில் கல்லீரல் புற்றுநோய் முதல் பிரிவில் 4.7 சதவீதம், இரண்டாம் பிரிவில் 9.3 சதவீதம் என்று 2022இல் வெளியானது.

முதல் எண்ணைப் பாருங்கள்: 40க்கு 32. நூறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாகப் பயன்பெறுவோர் எட்டுப் பேர். அற்புதம் இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் தள்ள முடியாது. எண்டெகாவிர் மட்டுமே 32 பேருக்குத் தழும்பைக் குறைத்திருக்கிறது என்பது அந்த வரியின் மறுபாதி. பலரும் படிக்காமல் விடும் பாதி. மூலிகையை நம்பி எண்டெகாவிரை நிறுத்துகிறவர் 32ஐக் கொடுத்து 8ஐ வாங்கப் பார்க்கிறார். அதுவும் கிடைக்காது, ஏனென்றால் அந்த எட்டு, வைரஸ் அடக்கப்பட்ட கல்லீரலில் கிடைத்தது. வைரஸ் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஹெபடைட்டிஸ் பி சீறிக் கிளம்பிக் கல்லீரலையே செயலிழக்கச் செய்வதும் உண்டு.

இந்த ஆய்வு சீனத்தில், சீன நோயாளிகளிடம், சீன மருந்தை உருவாக்கியவர்களின் வட்டாரத்திலேயே நடந்தது என்ற குறையும் இருக்கிறது. வேறு நாட்டில் இதேபோல் பெரிய அளவில் யாராவது செய்து பார்க்கும்வரை என் மதிப்பு 'கொஞ்சம்' என்ற அளவில்தான் நிற்கும். கீழாநெல்லி விஷயத்தில் சென்னை கண்டதும் இதுதான். 1988இல் ஹெபடைட்டிஸ் பி தொற்றைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது, வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது என்று லான்செட் இதழில் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. சீனத்திலும் கீழாநெல்லியின் நெருங்கிய உறவான ஒரு செடியைக் கல்லீரலுக்குக் கொடுக்கிறார்கள். அங்கும் சிறு ஆய்வுகள் பல, உறுதியான ஆய்வு குறைவு.

மஞ்சள் காமாலைக்கான யின் சென் ஹாவ் தாங் பற்றி ஒரு வார்த்தை. ஒருவகை மாசிப்பத்திரியும் கார்டினியா காயும் ரேவல்சின்னியும் சேர்ந்த கஷாயம் அது. அந்த மாசிப்பத்திரியின் ஒரு வேதிப்பொருள், காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபினைக் கழிக்கும் கல்லீரல் பொறியைத் தூண்டுகிறது என்று 2004இல் எலிகளிடம் காட்டினார்கள், நல்ல ஆய்வு. ஆனால் இந்த வழியில் வந்த யின் சி ஹுவாங் என்ற ஊசி மருந்தைப் பச்சிளம் குழந்தைகளுக்குப் போடக் கூடாது என்று சீன அரசே 2016இல் தடுத்துவிட்டது. பெரியவர்களுக்குக் காமாலை ஏன் வந்தது என்று தெரியாமல் நிறத்தை மட்டும் குறைப்பதில் பயனில்லை. பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தால் கஷாயம் கல்லை நகர்த்தாது.

கல்லீரலைக் கெடுக்கும் மூலிகைகள்

சீனத்தில் 2012 முதல் 2014 வரை 308 மருத்துவமனைகளின் பதிவுகளை அலசியதில், மருந்தால் கல்லீரல் கெட்டதாக உறுதியானவர்கள் 25,927 பேர். காரணப் பட்டியலில் முதலிடம் பாரம்பரிய மருந்துகளுக்கும் மூலிகை ஊட்டப் பொருள்களுக்கும்: 26.81 சதவீதம். காசநோய் மருந்துகள் 21.99 சதவீதத்தோடு அடுத்த இடத்தில். காசநோய் மாத்திரையால் கல்லீரல் கெடும் என்று நமக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். மூலிகை அதையும் முந்திவிட்டது என்பதை மூலிகையின் தாய்நாட்டு மருத்துவர்களே கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

அடிக்கடி அகப்படும் பெயர் ஹே ஷோ வூ. நரைத்த முடியைக் கறுப்பாக்கும் என்று விற்கப்படும் வேர். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பலம் தரும் என்றும் உறையில் எழுதியிருக்கும். இதை எடுத்துக் காமாலையில் படுத்தவர்கள் ஏராளம். எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபுக்கூறு உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்கு என்று 2019இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தனக்கு அந்த மரபுக்கூறு இருக்கிறதா என்று கடைக்குப் போகுமுன் யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு வகை ஆள்மாறாட்டம். சான் சீ என்பது ஜின்செங் குடும்பத்து வேர். தூ சான் சீ என்பது பெயரில் மட்டும் உறவு கொண்ட வேறு செடி. அடிபட்ட வீக்கத்துக்கு நல்லது என்று வீட்டுத் தோட்டத்தில் வளர்த்து, சாராயத்தில் ஊறவைத்துக் குடிப்பார்கள். அதில் உள்ள பைரோலிசிடின் அல்கலாய்டு கல்லீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. வயிறு வீங்கி, கல்லீரல் பெருத்து, மருத்துவமனைக்கு வருகிறார்கள், இறப்பவர்களும் உண்டு. ஆவணி, கார்த்திகை என்று பார்த்துச் செடி பறிக்கும் நம் நாட்டு வைத்தியருக்கும் நேரக்கூடிய பிழைதான் இது. பொடியாகிவிட்ட பிறகு எந்த நிபுணராலும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

அப்படியானால் யாருக்கு எது?

ஹெபடைட்டிஸ் பி இருந்து, தழும்பும் விழுந்து, எண்டெகாவிரோ டெனோஃபோவிரோ ஒழுங்காகச் சாப்பிட்டு, ஓராண்டுக்குப் பிறகும் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எண் இறங்காதவர், சீன மருந்து முறையாகக் கிடைக்கும் ஊரில் வாழ்பவர் என்றால், தன் கல்லீரல் மருத்துவரிடம் பியேஜியா ருவான்கான் பற்றிப் பேசலாம். இந்த ஒருவருக்குத்தான் நான் 'பேசிப் பாருங்கள்' என்று சொல்வேன். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு அதுவும் நடைமுறையில் கடினம். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, சோவா ரிக்பா என்று இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் முறைகளில் சீன மருத்துவம் இல்லை. அதனால் தபாலில் வரும் புட்டிக்கு இங்கே பொறுப்பேற்க ஆளில்லை.

கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்தான் இன்று அதிகம். அவருக்கு இந்தப் பட்டியலில் எதுவுமே வேண்டியதில்லை என்பது என் கருத்து. உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கொழுப்பும் அழற்சியும், பலருக்குத் தழும்பும் குறைகின்றன. 80 கிலோ உள்ளவர் 6 முதல் 8 கிலோ குறைத்தால் கிடைக்கும் பலனை எந்தச் சீனக் குருணையும் நிரூபித்துக் காட்டியதில்லை. மூலிகை எடுத்து எஸ்ஜிபிடி இறங்கிவிட்டால், இனி நடக்க வேண்டாம், இரவு பரோட்டாவை விட வேண்டாம் என்ற தைரியம் வந்துவிடுகிறது. நான் அஞ்சுவது மூலிகையைவிட அந்தத் தைரியத்துக்கு.

காசநோய் மாத்திரை சாப்பிடுபவர் முன்னெச்சரிக்கையாகக் 'கல்லீரல் பாதுகாப்பு' மருந்து சேர்த்துக்கொள்ளலாமா? சீனத்தில் அப்படிக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. என்னைக் கேட்டால் வேண்டாம். ஷிசாண்ட்ரா போன்றவை மற்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் மாற்றக்கூடியவை. எஸ்ஜிபிடி ஏறினால் எந்த மருந்தால் ஏறியது என்று கண்டுபிடிப்பதும் சிக்கலாகிவிடும். சிரோசிஸ் முற்றியவர், உறுப்பு மாற்று பெற்றவர், கர்ப்பிணி ஆகியோருக்கு விவாதமே தேவையில்லை.

சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் அரசு வாரியத்தில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். தயார்நிலை மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் பட்டியலிடுகிறது. மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தின் உறையில் மால் (MAL) என்று தொடங்கி, பாரம்பரிய மருந்தைக் குறிக்கும் டி (T) எழுத்தில் முடியும் எண் இருக்கும். இவை கலப்படம், கன உலோகம் போன்றவற்றுக்கு எதிரான குறைந்தபட்சக் காவல். மருந்து வேலை செய்யும் என்பதற்கான சான்றிதழ் அல்ல.

இத்தனைக்குப் பிறகும் எடுத்தே தீருவது என்று முடிவு செய்தவர், தொடங்குவதற்கு முன் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை செய்து தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி. ஒரே நேரத்தில் இரண்டு மூலிகைகளைத் தொடங்கக் கூடாது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினாலோ அன்றே நிறுத்த வேண்டும். மருந்தால் கெட்ட கல்லீரலில் எஸ்ஜிபிடி இயல்பைப் போல் மூன்று மடங்குக்கு மேலும் பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் சேர்ந்து ஏறினால், ஏறக்குறைய பத்தில் ஒருவர் உயிரிழக்கிறார் அல்லது மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருக்க நேர்கிறது. அந்த நிலையில் மருத்துவமனைக்குப் போகும்போது புட்டியையோ மீதமுள்ள பொட்டலத்தையோ உறையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன வேர் இருந்தது என்று மருத்துவர் கண்டறிய வேறு வழி இருக்காது.